புறப்பாடு இரவு 9.40

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக, அதாவது எழுத்து வேலை பார்ப்பவனாக, இருந்தவனுக்கு ஒரு வியாதி வரும். வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் விட்டபாடில்லை. மகன் பைக்கை எடுத்தால் மனசுக்குள் ‘7.10 புறப்பாடு’ என்று ஒரு வரி விழும். அவன் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அதற்கு எதிரே இன்னொரு வரி. அப்புறம்தான் தூக்கம் வரும். “இன்னும் ஜி.டி. எழுதிட்டுத்தான் இருக்கீங்க” என்பாள் மனைவி.

ஜி.டி. என்றால் ஜெனரல் டைரி. ஸ்டேஷனில் என்ன நடந்தாலும் மணி போட்டு அதில் ஏற வேண்டும். யார் வந்தார், யார் போனார், எந்தக் கைதிக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, பாரா, அதாவது காவல் ஆள், மாறியது எப்போது, எல்லாமே. முக்கியமாக, டூட்டிக்குப் போகிற ஆள் போன நேரமும் வந்த நேரமும். வெளியூர் போகிறவருக்கு ‘பாஸ்போர்ட்’ என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுப்போம். அமெரிக்கா போகிற பாஸ்போர்ட் இல்லை. இந்த ஆள் இன்ன வேலையாக இன்ன ஊருக்கு அனுப்பப்படுகிறார் என்கிற அத்தாட்சி. திரும்பி வந்ததும் அதை என் மேஜையில் வைப்பார்கள். பதினாலு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். ரவுடியைத் துரத்திய கதை, கத்திக்குத்துத் தழும்பு எதுவும் என்னிடம் இல்லை. பேனா பிடித்துப் பிடித்து வலது நடுவிரலில் காய்த்துப்போன ஒரு மேடு மட்டும் உண்டு.

இந்த வாரம் ஒரு பெண் போன் செய்தாள். “மாமா, இந்த வருஷம் அக்டோபர் இருபத்தொண்ணாம் தேதி என்னைய கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றாள். பணியில் இறந்த போலீஸ்காரர்களுக்கு நினைவு நாள் அது. அவள் அப்பா இறந்தபோது அவளுக்கு நாலு வயது. இப்போது வேலைக்குப் போகிறாள். சரி என்றேன். வைக்கப் போகும்போது, “அப்பா கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாங்க மாமா?” என்று கேட்டாள். நேரில் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டேன். நேரில் சொல்வதற்கு முன் ஒருதடவை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் அப்பாவைத் தம்பி என்றே எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவன் வீட்டம்மா சொல்லிவிட்டார்கள். நம்பரையும் போட முடியாது. போலீஸில் பெயரைவிட நம்பர்தான் சீக்கிரம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பெயர் மறந்தவர்கள்கூட நம்பரைச் சொன்னால், “அட, அந்த நெட்டையனா?” என்பார்கள். தெற்கே ஒரு மாவட்டம், நெடுஞ்சாலை ஓரத்து ஸ்டேஷன், இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

தம்பி அப்போதுதான் கிரேடு ஒன்று கான்ஸ்டபிள் ஆகியிருந்தான். பத்து வருஷ சர்வீஸ் முடிந்தவன். நான் ஏட்டு. எல்லோரும் என் மேஜைக்கு எதிரே நின்று பேசுவார்கள், இவன் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து நின்று ஜி.டி.யைத் தலைகீழாகப் படிப்பான். “ரைட்டரய்யா, உங்க கையெழுத்துல நான் எந்த ஊருக்குப் போறேன்னு எனக்கே தெரியலையே” என்பான். வீரன் எல்லாம் கிடையாது. ஒருமுறை ஸ்டேஷனுக்குள் சாரைப்பாம்பு வந்தபோது லாக்கப்பில் இருந்த திருட்டுக் கேஸ்காரன் வெளியே கையை நீட்டி, “சார், சாரை ஒண்ணும் செய்யாது” என்று தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. தம்பி மேஜை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். என் ஜி.டி. மேல் அவன் பூட்ஸ் தடம் இருந்தது.

அவனிடம் மூன்று செல் போடும் டார்ச் ஒன்று உண்டு. ஸ்டேஷன் டார்ச்சை நம்ப முடியாது என்று சொந்தக் காசில் வாங்கியது. அதன் ஸ்விட்ச் தேய்ந்துபோய், போட்டால் நிற்காமல் பின்னுக்கு நழுவிவிடும். சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி ஸ்விட்ச் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தான். எரிய வேண்டுமானால் பட்டையை ஸ்விட்ச் மேல் இழுத்துவிட வேண்டும், அணைக்க வேண்டுமானால் ஒதுக்க வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி வண்டி தணிக்கை. ரேஷன் அரிசி கடத்துகிறார்கள் என்று மேலிருந்து மெமோ வந்திருந்தது. எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஒருவர், தம்பி, இன்னொரு பி.சி. (கான்ஸ்டபிள்), ஊர்க்காவல் படை ஆள் ஒருவர், ஆக நாலு பேர். மணி 9.40. புறப்பாடு எழுதினேன். மற்ற மூவரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் வழக்கம்போலச் சாய்ந்து நின்றான்.

“ரைட்டரய்யா, என் டி.ஏ. பில் என்ன ஆச்சு?”

மதுரைக்குக் கோர்ட் டூட்டி போய்வந்த பயணப்படி. மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. எழுதி வைத்திருக்கிறேன், நாளைக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன். பொய். எழுதவே இல்லை.

“நாளைக்குக் கட்டாயம் அனுப்பிருங்க.”

அவ்வளவுதான் பேசினான். டார்ச்சை எடுத்துப் பட்டையை இழுத்து எரிகிறதா என்று என் சட்டைப் பாக்கெட் மேல் அடித்துப் பார்த்தான். போய்விட்டான். ‘கடைசியா என்ன பேசினாங்க’ என்று கேட்கிற பிள்ளைக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

11.55க்கு மைக்கில் வந்தது. வெளியாட்களுக்குச் சொல்கிறேன், ஒயர்லெஸ்ஸை நாங்கள் மைக் என்போம். எஸ்.எஸ்.ஐ.யின் குரல். எந்த இடம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை, ஸ்டேஷன் பெயரையே மூன்று தடவை சொல்லிக்கொண்டிருந்தார். வேன் நிற்கவில்லை, அடித்துத் தூக்கிவிட்டுப் போய்விட்டது, ஆம்புலன்ஸ் வேண்டும். அதைக் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிட்டு, கை பழக்கத்தில் ஜி.டி.யைத் திறந்து மணி போட்டேன். அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று 12.40க்கு அடுத்த தகவல். அதையும் எழுதினேன். எழுத்து ஒன்றும் கோணவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. ரொம்ப நாள் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன், மற்ற நாட்களைவிட அழகாக இருந்தது.

காலை ஐந்து மணிக்கு நானும் சம்பவ இடத்துக்குப் போனேன். மகஜர், அதாவது சம்பவ இடத்தில் கண்டதைக் குறிக்கும் பத்திரம், எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு வளைவு, ஓரத்தில் புளியமரங்கள். இரும்பு பேரிகேட் ஒன்று வயலுக்குள் கிடந்தது. அவன் தொப்பி ரோட்டின் நடுவிலேயே இருந்தது, சுற்றிலும் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். டார்ச்சைக் காணோம். ஊர்க்காவல் படைப் பையன்தான் மரத்தடியைக் காட்டினான். எருக்கஞ்செடி மறைவில் கிடந்தது. எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடி விரிந்து, பல்பு மட்டும் மஞ்சளாக, சாகப்போகிற வெளிச்சம். பட்டை ஸ்விட்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பையன் அணைக்கக் குனிந்தான். மகஜர் முடிகிற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டார். அவர் சொன்னதும் சரிதான், கேஸ் சொத்து. சாலையின் அகலம், மரத்துக்கும் தொப்பிக்கும் எத்தனை அடி, கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். நடுநடுவே கண் அங்கேதான் போனது. விடிய விடிய அந்த வெளிச்சம் இன்னும் சிறிதாகத் தெரிந்தது, பொழுது ஏறியதும் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. டார்ச்சின் முறை வந்தபோது கிட்டப் போய்க் கையைக் குவித்து மறைத்துப் பார்த்தேன். இல்லை. ‘மூன்று செல் டார்ச் லைட் 1, முன்பக்கக் கண்ணாடி உடைந்தது, ஸ்விட்ச் ஆன் நிலையில் ரப்பர் பட்டையால் சுற்றப்பட்டது’ என்று எழுதினேன். கேஸ் சொத்தை அனுப்பும் படிவம் 95இல் அதே வாசகத்தோடு அது கோர்ட்டுக்குப் போயிற்று.

இனிமேல் சொல்வது நான் யாரிடமும் அதிகம் பேசாத விஷயம்.

எஃப்.ஐ.ஆர். என் கையெழுத்தில். எஸ்.எஸ்.ஐ. கொடுத்த புகாரில் ‘வேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டிவந்து மோதிவிட்டு நிற்காமல் சென்ற வேன்’ என்று இருந்தது. எந்தச் சாலை விபத்துக்கும் எழுதுகிற வாசகம். அதற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 304(ஏ) பிரிவுகள்தான் போட முடியும். அஜாக்கிரதையால் மரணம், அதிகபட்சம் இரண்டு வருஷம். (இப்போது புதுச் சட்டத்தில் எண்கள் எல்லாம் மாறிவிட்டன. என் தலையில் பழைய எண்கள்தான் ஓடும்.) ஆனால் கூட இருந்த பி.சி. அப்போதே என்னிடம் வேறு மாதிரிச் சொன்னான். தூரத்தில் வரும்போதே வேன் ஹெட்லைட்டை அணைத்தது, தம்பி டார்ச்சை ஆட்டிக்கொண்டே ஓரத்துக்கு விலகினான், வேன் அவன் விலகிய பக்கமே வந்தது. நான் இதைச் சொன்னேன். ‘முதல்ல புகார்ல இருக்கிறபடி போடு, பிறகு பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தது. யார் சொன்னது என்பது இப்போது எதற்கு? போட்டவன் நான்.

அடுத்த நாள் பேப்பரில் ‘வாகன விபத்தில் போலீஸ்காரர் பலி’ என்று ஒரு பத்திச் செய்தி. தம்பியின் மச்சினன் அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். கத்தவில்லை. “குடிச்சிட்டு ரோட்ல விழுந்து செத்தவனுக்கும் இப்படித்தான் போடுவீங்களா சார்?” என்று மட்டும் கேட்டான். நான் வேறு ஏதோ ரிஜிஸ்டரை எடுப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

ஐந்து நாள் கழித்து வேன் பிடிபட்டது. முப்பது மூட்டை ரேஷன் அரிசி அதில் இருந்ததைக் கிளீனர் ஒத்துக்கொண்டான். லைட்டை அணைத்ததையும் அவனே சொன்னான். அதற்குப் பிறகு பிரிவு மாற்ற அறிக்கை. 302 கொலை, 353 பணியில் இருந்த அரசு ஊழியரைத் தாக்கியது. அதையும் நான்தான் எழுதினேன். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. கேஸ் ஏழு வருஷம் ஓடி, கொலை என்பது நிற்காமல் 304 இரண்டாம் பாகத்தில் டிரைவருக்குத் தண்டனை ஆயிற்று. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை, ஆனால் இப்படிச் செய்தால் சாவான் என்று தெரிந்தே செய்தது என்று அர்த்தம். எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை இல்லை. அந்த ஐந்து நாள்தான். அந்த ஐந்து நாளும் அவன் ‘விபத்தில் செத்தவனாக’ இருந்தது என் பேனாவில்.

சரி, அக்டோபர் 21க்கு வருகிறேன்.

ட்ரெய்னிங்கில் இருக்கும்போது இந்த நாளைப் பற்றி ஒரு வரிதான் சொல்லிக்கொடுத்தார்கள்: லடாக்கில் சீனர்கள் சுட்டதில் இறந்த போலீஸ்காரர்களின் நினைவு நாள். எல்லையில் ராணுவம்தானே இருக்கும், போலீஸுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அப்போதெல்லாம் அந்த எல்லையைப் பார்த்துக்கொண்டது போலீஸ்தான். தம்பி போன பிறகுதான் நான் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

1959 அக்டோபர் 20. ஹாட் ஸ்பிரிங்ஸ் என்கிற இடம், பதினைந்தாயிரம் அடிக்கு மேலே. லானக் லா கணவாய்ப் பக்கம் போகவிருந்த குழுவுக்கு வழி பார்த்துவர அங்கிருந்து மூன்று அணிகள் கிளம்பின. இரண்டு அணிகள் மதியத்துக்குள் திரும்பிவிட்டன. மூன்றாவது அணியில் இரண்டு கான்ஸ்டபிள்களும் சுமை தூக்குகிறவர் ஒருவரும். அவர்கள் திரும்பவில்லை. மறுநாள் காலை இருக்கிற ஆட்களையெல்லாம் திரட்டித் தேடப் போனார்கள். உளவுத்துறை அதிகாரி கரம் சிங் குதிரையில், சுமார் இருபது பேர் பின்னால் நடந்து. உச்சிவேளையில் குன்றின் மேலிருந்து சீனத் துருப்புகள் சுட்டார்கள், கையெறி குண்டு வீசினார்கள். பதுங்க ஒரு மரம், ஒரு சுவர் இல்லாத இடம். பத்துப் பேர் செத்தார்கள், ஏழு பேர் காயத்தோடு பிடிபட்டார்கள். பத்து உடல்களையும் சீனர்கள் நவம்பர் 13 அன்றுதான் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து. அங்கேயே மரியாதையோடு தகனம் செய்தார்கள். 1960 ஜனவரியில் போலீஸ் ஐ.ஜி.க்கள் மாநாட்டில், இனி வருஷாவருஷம் அக்டோபர் 21 காவலர் நினைவு நாள் என்று முடிவாயிற்று.

படித்து முடித்ததும் எனக்குத் துப்பாக்கிச் சண்டை மனசில் நிற்கவில்லை. அந்த 20ஆம் தேதி மதியம்தான் நின்றது. அங்கேயும் என்னைப்போல யாராவது ஒருவன் நோட்டில் எழுதியிருப்பான். அணி ஒன்று திரும்பியது, மணி இன்னது. அணி இரண்டு திரும்பியது, மணி இன்னது. அணி மூன்று என்று போட்டுவிட்டுப் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பான். போலீஸ்காரர்களின் நினைவு நாளே ஒரு திரும்பாத கணக்கில்தான் ஆரம்பிக்கிறது.

எனக்கும் அப்படி ஒரு வரி உண்டு. தம்பி இறந்த மறுநாள் சாயங்காலம்தான் மற்றவர்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரி, போஸ்ட்மார்ட்டம் எல்லாம் முடித்து. வந்த நேரத்தை எழுத வேண்டும். நாலு பேர் புறப்பாடு. எஸ்.எஸ்.ஐ. ஒருவர், பி.சி. ஒருவர், ஊ.கா. படை ஒருவர் திரும்பினர் என்று எழுதினேன். கூட்டினால் மூன்று வருகிறது. ஆள் வராவிட்டால் என்ன எழுதுவது என்பதற்கு எங்களிடம் வார்த்தைகள் உண்டு. சொல்லாமல் போனால் ஆப்சென்ட், உடம்பு சரியில்லையென்றால் மெடிக்கல் லீவு, மாறிப் போனால் ரிலீவ்டு. இதற்கு ஒன்றும் இல்லை. முதல் நாள் 12.40க்கே எழுதிவிட்டாயே, அதுதான் கணக்கு என்றார் எஸ்.ஐ. ஐயா. சட்டப்படி சரி.

நினைவு நாள் அன்று ஆயுதப்படை மைதானத்தில் என்ன நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையிலேயே எல்லாம் முடிந்துவிடும். துப்பாக்கிகளைத் தலைகீழாகத் திருப்பி, குழல் முனை பூட்ஸ் மேல் படும்படி நிறுத்தி, தலையைக் குனிந்து நிற்பார்கள். லாஸ்ட் போஸ்ட் என்கிற அஞ்சலி இசையை ஊதுவார்கள். மலர்வளையம், குண்டு முழக்கம். முந்தைய செப்டம்பர் 1 முதல் இந்த ஆகஸ்ட் 31 வரை நாடு முழுக்கப் பணியில் இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். பெயர், பதவி, மாநிலம். அவ்வளவு பெயர்களையும் மனப்பாடமாக நிறுத்த யாராலும் முடியாது. முதல் வருஷம் தம்பியின் பெயர் வந்தபோது என்னை அவன் குடும்பத்தோடு உட்கார வைத்திருந்தார்கள். ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் சேர். வாசித்தவர் அவன் இனிஷியலைச் சரியாகச் சொன்னார். அது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது. குண்டு முழங்கியதும் குழந்தை அலறி அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வந்து நின்றேன். அதனால் அந்த வருஷ நிகழ்ச்சியின் மீதி எனக்குத் தெரியாது. வீட்டம்மா இரண்டு வருஷம் வந்தார்கள், பிறகு வரவில்லை.

எனக்கு ‘வீரமரணம்’ என்ற சொல்லில் அவ்வளவு இஷ்டம் இல்லை. மரியாதைக்குத்தான் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லைப் போட்டதும் ஆள் கல்லாகிவிடுகிறான், மேஜை மேல் ஏறி நின்றவன் காணாமல் போகிறான். நடந்தது பெரும்பாலும் ரொம்பச் சாதாரணமான வேலையில்தான் நடந்திருக்கிறது. 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் துரத்திப் போனது ஆடு திருடியவர்களை. ராத்திரி பைக்கில் விடாமல் துரத்தி, மாவட்ட எல்லையையே தாண்டிப் புதுக்கோட்டையில் கீரனூர்ப் பக்கம் மடக்கிப் பிடித்தார். அங்கே வெட்டிவிட்டார்கள். ஆடுதானே, விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை செக்போஸ்ட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட எஸ்.எஸ்.ஐ. வில்சனுக்கு ரிட்டயர்மென்ட் சில மாதத்தில். தினமும் போய் உட்கார்கிற செக்போஸ்ட்தான். 2018 மே மாதம் நம்பியாற்றில் மணல் கடத்தலைத் தடுக்கப் போய்க் கொல்லப்பட்ட ஜெகதீஷ் துரை செய்தியைப் படித்தபோது, மணல் என்பதை அரிசி என்று என் கண் தானாகவே வாசித்தது.

பழைய ஆட்கள் 1980 திருப்பத்தூரைச் சொல்வார்கள். ஆகஸ்ட் 6. நக்சலைட் ஒருவனைப் பிடித்துக் காரில் கொண்டுவரும்போது குண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் மூன்று போலீஸ்காரர்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகு போலீஸ் அதிகாரி வால்டர் தேவாரம் நடத்திய நக்சலைட் வேட்டைக்கு ‘ஆபரேஷன் அஜந்தா’ என்று பெயர். குகை ஓவியம் இல்லை. அஜந்தா என்பது பழனிச்சாமியின் மகள் பெயர். ஒரு பெண் குழந்தையின் பெயரை எத்தனையோ அறிக்கைகள் சுமந்திருக்கும். அவற்றை டைப் அடித்த ரைட்டர்களை நான் நினைத்துக்கொள்வேன்.

2019இல் காசிக்குப் போகிற வழியில் நானும் மனைவியும் டெல்லியில் இறங்கினோம். சாணக்யபுரியில் தேசிய போலீஸ் நினைவிடம் இருக்கிறது, 2018 அக்டோபர் 21 அன்று திறந்தது. நடுவில் 30 அடி உயர ஒற்றைக் கருங்கல், 238 டன் என்றார்கள். என் மனைவி கல்லைச் சுற்றி ஒரு பிரதட்சணமே வந்துவிட்டாள், கோயில் என்று நினைத்தாளா, தெரிந்தேதான் வந்தாளா என்று நான் கேட்கவில்லை. சுவரில் பெயர்கள். சுதந்திரத்திலிருந்து பணியில் இறந்தவர்கள், திறந்தபோது 34,844 பெயர். தேட ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆயிற்று. கழுத்து வலித்தது. அவள்தான் கண்டுபிடித்தாள். பெயர் சரி, இனிஷியலும் சரி. பக்கத்தில் யார் யார் என்று பார்த்தேன், தெரியாத மாநிலத்துக்காரர்கள். நல்ல கூட்டம்தான். ஆனால் கல்லில் மணி போடுவதில்லை. எங்கள் ஆட்களுக்கு மணி இல்லாமல் எதுவும் எழுதினால் ஏதோ பாதியில் விட்டதுபோல இருக்கும்.

அந்த டி.ஏ. பில்லைச் சொல்ல மறந்துவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாளே எழுதி அனுப்பினேன். இறந்தவர் பெயரில் பில் என்பதால் அதற்கு வேறு தாள்கள் கேட்டார்கள். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வைத்து, திரும்பி வந்து, மறுபடி அனுப்பி, எட்டு மாதம். பெரிய பணங்கள் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன. அரசு கொடுத்தது, பேட்ச்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்துக் கொடுத்தது, எல்லாம். இது நூற்று எண்பத்தாறு ரூபாய். யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

தம்பியின் வீட்டம்மா அப்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டு மாடியில் இருந்தார்கள். மாவாட்டிக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். பில்லின் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அதில் பத்தி பத்தியாக இருக்கும்: எங்கிருந்து, எங்கே, புறப்பட்ட நாள், மணி, சேர்ந்த நாள், மணி.

“இது எதுக்கு அண்ணாச்சி?”

“மதுரைக் கோர்ட்டுக்குப் போயிட்டு வந்ததும்மா.”

“எப்ப வந்ததா போட்டிருக்கு?”

“மறுநாள் காலையில ஆறே கால்.”

கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமா. பஸ்ல தூக்கமே இல்லன்னு வந்து படுத்தாங்க. எட்டு மணி ரோல் காலுக்கு நான்தான் எழுப்பிவிட்டேன்” என்றார்கள். ஈரக்கையைப் புடவையில் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள்.